மருந்து விலையும் ஒரு நாள் பேரும்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்கள் ஊர். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கிளினிக். சீனியும் பிரஷரும் வந்து பல வருடம். விடியற்காலை நாலரைக்கு எழும்பி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் படிகளில் டோர்ச் வெளிச்சத்தில் இறங்கி, பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆஸ்பத்திரியில் முன் நம்பர் கிடைக்கும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு பனிஸும் பிளேன்டீயும். பிறகு கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் காத்திருப்பு. டாக்டரைப் பார்ப்பது மூன்று நிமிடம். கடைசியாக மருந்து ஜன்னல். சீனிக்கு மெட்ஃபோமின், பிரஷருக்கு லொசாட்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டட்டின் என்று மூன்று மருந்து, ஒரு மாதத்துக்கு. ஒரு சதம் காசு கிடையாது. வீடு திரும்பப் பின்னேரம் இரண்டு மணியாகும்.

அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது, அதனால் பேர் இல்லை. ஒரு முழு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழும் பதிவைத்தான் தோட்டத்தில் பேர் என்கிறோம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சிலிருந்து ஒரு பேருக்கு 1000 ரூபா. அப்படிப் பார்த்தால் இலவச மருந்தை எடுக்க அம்மா மாதாமாதம் 1000 ரூபாவும் பஸ் காசும் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அப்போது யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

2022 நடுப்பகுதியில் ஒரு கிளினிக் நாள். ஜன்னலில் இருந்தவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, இது ரெண்டும் இல்ல, வெளியில எடுத்துக்கங்க" என்று ஒரு சின்னத் துண்டை நீட்டினார். டவுன் பாமசியில் அந்தத் துண்டைக் கொடுத்து விலை கேட்ட அம்மா, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பத்து நாளைக்கு மட்டும் குடுங்க தம்பி" என்றார். அந்தப் பத்து நாள் மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்து இருபது நாளுக்கு இழுத்திருக்கிறார் என்பது, அடுத்த கிளினிக்கில் பிரஷர் ஏறிப் போய் டாக்டர் ஏசியபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

'அனைவருக்கும் சுகாதாரப் பாதுகாப்பு' என்று ஐ.நா. ஆவணங்களில் வருகிற சொல்லை நான் அந்தத் துண்டை வைத்தே புரிந்துகொள்கிறேன். 2015 இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 3.8 ஆவது இதைப் பற்றியது. தேவையான சிகிச்சை எல்லோருக்கும் எட்ட வேண்டும், அதற்காகக் குடும்பம் காசில்லாமல் முறிந்துபோகக் கூடாது, பாதுகாப்பான தரமான அத்தியாவசிய மருந்து கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரிக் கட்டடம், டாக்டர், தாதி, அம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் கடைசி ஜன்னலில் "இல்ல" என்ற பதில் வந்தால், அதுவரை நடந்த எல்லாமே அந்த நோயாளிக்கு வீண். டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருப்பார். ஆனால் நோய் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் 1951 முதல் சிகிச்சை இலவசம். இந்த நாட்டின் தாய் மரணமும் சிசு மரணமும் இவ்வளவு குறைந்ததில் அந்த இலவச சேவைக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனாலும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மக்கள் தங்கள் கையிலிருந்தே கட்டுகிறார்கள். தனியார் டாக்டருக்கு, இரத்தப் பரிசோதனைக்கு, முக்கியமாகப் பாமசிக்கு. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல், இழுப்பு போன்ற வருத்தங்கள் உயிருள்ளவரை மருந்து கேட்பவை. ஒரு தடவை பெரிய செலவு வந்தால் சங்கத்தில் கடன் எடுக்கலாம், நகையை அடகு வைக்கலாம். மாதாமாதம் வருகிற சின்னச் செலவுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். ஆகவே மருந்தைத்தான் குறைப்பார்கள்.

மருந்து விலை என்ற கதையில் எங்கள் மலைக்கு மிகப் பழைய பங்கு ஒன்று இருக்கிறது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹக்கலைப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் ரோசாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1861 இல் அந்தத் தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனா மரத்தைப் பரீட்சித்துப் பார்க்கத்தான். மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே நல்ல மருந்தான கொய்னா, சிங்கோனாப் பட்டையிலிருந்துதான் வந்தது. 1869 இல் கோப்பியை இலை நோய் பிடித்து, அடுத்தடுத்த வருடங்களில் தோட்டங்கள் சரிந்தபோது, தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவைப் போட்டார்கள். தேயிலையின் தொடக்கமாகச் சொல்லப்படும் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா நட்டார். 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து வருடத்துக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பி வழிந்து உலகத்தில் கொய்னாவின் விலை விழுந்தது. விலை விழுந்ததும் துரைமார் சிங்கோனாவை வெட்டிவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள்.

அந்தப் பட்டையை உரித்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்கள் உரித்த பட்டையால் கொய்னா மலிந்தது. அந்த மலிவு அவர்களுடைய லயத்துக்கு வந்து சேர்ந்ததா? தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். உலகச் சந்தையில் விலை இறங்குவது ஒரு காரியம், தேவைப்பட்டவரின் கையில் மருந்து இருப்பது வேறு காரியம் என்பதற்கு மலையகம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய சாட்சி.

1934, 1935 இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். மலைக்குக் கீழே கேகாலையும் குருநாகலும் மிக மோசமாக அடிபட்டன. அப்போது உலகத்துக் கொய்னாவின் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. கிராமம் கிராமமாக மருந்தும் அரிசி பருப்பும் கொண்டுபோனவர்களில் காலனி ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் இடதுசாரி டாக்டரான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இருந்தார்கள். மருந்து இல்லாமல் ஊர் எப்படிச் சாகும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். முப்பத்தைந்து வருடம் கழித்து அவருடைய பெயர் மறுபடியும் மருந்தோடு சேர்ந்து வருகிறது.

1971 இல் விக்கிரமசிங்கவும் பேராதனைப் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் சேர்ந்து நாட்டின் மருந்து விநியோகம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். பிபிலே கண்டித் திரித்துவக் கல்லூரியில் படித்தவர். பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. அவர் சொன்னது, இன்று கேட்டால், கடைக்காரக் கணக்கு மாதிரி எளிமையாக இருக்கும். ஒரே மருந்தைப் பத்துக் கம்பனி பத்துப் பெயரில் விற்கிறது. பெயருக்கும் பளபளப்புப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் நாம் காசு கட்டுகிறோம். ஆகவே உண்மையில் தேவைப்படும் மருந்துகளை மட்டும் பட்டியல் போடு. அவற்றை மருந்தின் சொந்தப் பெயரில், அதாவது ஜெனரிக் பெயரில் வாங்கு. நாடு முழுவதுக்கும் ஒரே இடத்திலிருந்து, உலகம் முழுவதும் விலை கேட்டு வாங்கு. அந்த வருடமே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் சந்தையில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த மருந்து வகைகள் அறுநூறு அளவுக்கு இறக்கப்பட்டன.

ஒரே இடத்திலிருந்து வாங்கினால் ஏன் விலை இறங்குகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நம்ம தோட்டத்துக் கடையில் ஒரு வீட்டுக்காரி அரைக்கிலோ பருப்பு வாங்கும்போது கடைக்காரர் சொல்வதே விலை. இருநூறு வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு லொறி பருப்பு வேண்டும், நாலு கடையில் விலை கேட்கப் போகிறோம் என்றால் பேச்சின் தொனியே மாறிவிடும். மருந்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு மாத்திரைக்குள் இருக்கும் மூலப்பொருளை உலகத்தில் சில தொழிற்சாலைகள்தான் செய்கின்றன. பல கம்பனிகள் அதை வாங்கி அச்சில் அடித்துத் தங்கள் பெயரைப் போடுகின்றன. அந்த மூலப்பொருளின் விலை எவ்வளவு என்று தெரிந்த அரசாங்கத்தை ஏமாற்றுவது கஷ்டம்.

இது கம்பனிகளுக்குப் பிடிக்கவில்லை. 1974 இல் கொலரா பரவியபோது நடந்தது இதற்கு உதாரணம். அவசரமாக டெட்ராசைக்ளின் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் மலிவான மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்திருந்தது. அதை இங்கேயே கூட்டுக்குளிசையாக்கும் வசதி ஃபைசர் கம்பனியிடம் இருந்தது. கம்பனி அந்த மூலப்பொருளைத் தொட மறுத்தது. கடைசியில் அதிக விலை கொடுத்து விமானத்தில் மருந்தைத் தருவிக்க வேண்டியதாயிற்று. கம்பனியை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்து, அமெரிக்கத் தூதுவர் தலையிட்டு, அது அப்படியே அடங்கியது. பிபிலேயும் பொருளாதார அறிஞர் சஞ்சய லாலும் சேர்ந்து இதை 1977 இல் எழுதி வைத்தார்கள்.

அதே 1977 இல் உலக சுகாதார நிறுவனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பேராதனையில் போடப்பட்ட கணக்கின் சாயலை அதில் தெளிவாகப் பார்க்கலாம். அடுத்த வருடம் அல்மா ஆட்டாவில் நடந்த சர்வதேச சுகாதார மாநாட்டில் ஆரம்ப சுகாதாரத்தின் தூண்களில் ஒன்றாக அத்தியாவசிய மருந்து சேர்க்கப்பட்டது. பிபிலே இவற்றையெல்லாம் முழுதாகப் பார்க்கவில்லை. ஐ.நா. பணியில் கயானா போன இடத்தில் 1977 செப்டெம்பர் 29 அன்று காலமானார். இங்கே ஆட்சி மாறித் தனியார் இறக்குமதி மறுபடி திறந்துவிடப்பட்டது. கூட்டுத்தாபனம் தப்பியது, அதன் ஒசுசல மருந்துக் கடைகளும் தப்பின. ஆனால் பத்துப் பெயர்கள் திரும்பி வந்துவிட்டன.

இந்தக் கதையில் தோட்டம் எங்கே நின்றது என்பதைப் பார்த்தால்தான் எங்கள் பிரச்சினை விளங்கும். 1872 இலும் பிறகு 1912 இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. வேலை செய்யத் தேவையான உடம்பை வேலை கொடுப்பவன் பார்த்துக்கொள்வான் என்பதே அதிலிருந்த எண்ணம். தோட்டத்து டிஸ்பென்சரியும் மிக்சர் என்ற திரவ மருந்துப் போத்தலும் அப்படி வந்தவை. வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் மிக்சர் வாங்கி வந்ததை எங்கள் பாட்டி சொல்லுவார். 1948 இல் எங்கள் மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. மூன்று வருடத்தில் நாட்டுக்கு இலவச சிகிச்சை வந்தது. நாடு இலவச சேவையை ஊர் ஊராக விரித்துக்கொண்டுபோன அதே தசாப்தங்களில் எங்களவர்களுக்கு வாக்கு இல்லை. கேட்க வாய் இருந்தும் கேட்கும் உரிமை இல்லாதவர்களின் டிவிசனுக்கு, அதாவது தோட்டப் பிரிவுக்கு, அரச டிஸ்பென்சரி எப்படி வரும்?

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களின் நடுவில் தொடங்கி, சில மாறின, பல மாறாமலே நின்றன. இன்று ஒரு தோட்டத்து நோயாளியின் மருந்து மூன்று கைகளுக்கு நடுவில் தொங்குகிறது. பெரிய வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். சிறிய வைத்தியசாலைகளும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் மாகாண சபையின் கீழ். தோட்டத்து டிஸ்பென்சரி இன்னும் பல இடங்களில் கம்பனியின் கீழ். டிஸ்பென்சரி அலமாரி காலியாக இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தோட்டத் தலைவருக்கே தெரியாது. டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டிய ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அது எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் மஸ்கெலியாவின் மேல் டிவிசனிலிருந்து அங்கே போக எடுக்கும் நேரத்தில் சில நோய்கள் காத்திருக்காது.

குளவிக் கொட்டைச் சொல்கிறேன். கொழுந்து மலையில் குளவிக் கூடு கலைந்து பெண்கள் கொட்டு வாங்குவது மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. கொட்டு வாங்கியவர்களில் சிலருக்கு ஒவ்வாமை பொங்கும். தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும், பிரஷர் விழும். அதற்கு முதல் மருந்து அட்ரினலின், தொடைத் தசையில் போடும் ஊசி. பெரியவருக்கு அரை மில்லிகிராம், அவ்வளவுதான். 1901 இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து. காப்புரிமைத் தகராறு கிடையாது, உலகம் முழுக்கப் பல தொழிற்சாலைகள் செய்கின்றன, விலையும் மிகக் குறைவு. போட வேண்டியது முதல் சில நிமிடங்களுக்குள். இப்படிப்பட்ட மருந்தைப் பற்றி 'கட்டுப்படியான விலையா' என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். கொழுந்து லொறி அவளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும் முதல் அறையில் அந்தக் குப்பி இருக்கிறதா, திகதி முடியாமல் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் கதவைத் திறந்து வைத்திருக்கிறாரா?

சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மருந்துகளிலும் காப்புரிமை இப்போது தடையில்லை. மெட்ஃபோமினை முதலில் தயாரித்தது 1922 இல். லொசாட்டனின் காப்புரிமை 2010 வாக்கில் முடிந்தது, அட்டோவாஸ்டட்டினுடையது அமெரிக்காவில் 2011 இல். யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம். ஆனாலும் பாமசி அலமாரியில் ஒரே மருந்தின் இரண்டு பெட்டிகளுக்கிடையே பல மடங்கு விலை வித்தியாசம் இருக்கும். துண்டில் பிராண்ட் பெயர் இருந்தால் நோயாளி அந்தப் பெயரையே கேட்பார். "நல்ல மருந்தா குடுங்க" என்று எங்கள் ஆட்கள் கேட்பதற்கு, விலை கூடினதைக் கொடுங்கள் என்று கடைக்காரர் அர்த்தம் எடுத்துக்கொள்கிறார். உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயத்தில் எளிய குடும்பம் அதிகமாகச் செலவழிக்கிற இடம் இது.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபியூலின் ஊசி தரமற்றது என்று வெளிப்பட்டு, அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதாகி வழக்குத் தொடரப்பட்ட நாடு இது. மலிவான மருந்தை மக்கள் நம்பிக் குடிக்க வேண்டுமானால், அதைப் பரிசோதித்து உள்ளே விட்டவர் மீது நம்பிக்கை வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அதற்காகத்தான் இருக்கிறது. ஆய்வுகூடம் இல்லாத, ஆள் இல்லாத, மேலிடத்து அழுத்தத்துக்கு வளைகிற அதிகாரசபை ஜெனரிக் கொள்கையின் வேரையே அரித்துவிடும். ஒரு கள்ள ஊசி பிடிபட்டால் ஆயிரம் பேர் விலை கூடிய பெட்டிக்கு ஓடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை போடப்பட்டது. நல்ல காரியம். சீனி, பிரஷர் மருந்து வாங்கும் வீடுகளில் அந்த மாதமே அது தெரிந்தது. ஆனால் விலைக்கு மூடி போடுவது ரூபா அசையாமல் நிற்கும் வரைதான் வேலை செய்யும். இலங்கை தன் மருந்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிக்காரருக்கு மூடி விலையில் விற்றால் நட்டம், விற்காவிட்டால் மக்களுக்கு மருந்தில்லை. மார்ச்சில் 29 சதவீத உயர்வுக்கு அனுமதி, ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு மேலும் 40 சதவீதம். அரச ஆஸ்பத்திரிகளிலும் மருந்து தீர்ந்தது. மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துப் பற்றாக்குறையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்தது. பிபிலே கற்பித்த அதே பேராதனை. 2023 ஜூனில் 60 மருந்துகளின் விலை 16 சதவீதம் குறைக்கப்பட்டது. ஏறினதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று வாசகரே கணக்குப் பார்க்கலாம்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. விலைக் கட்டுப்பாட்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், அது பாமசியில் நிற்பவருக்கான பாதுகாப்பு. மலையகத்துக்காரர் பாமசியில் நிற்க நேர்ந்ததே ஏற்கெனவே ஒரு தோல்வி. பிபிலேயின் வழி தொடங்குவது அரச ஜன்னலில் மருந்து தீராமல் இருப்பதில். ஓசைப்படாத வேலை அது. எந்த மாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று சரியாக மதிப்பிட்டு, ஆறு மாதத்துக்கு முன்னே டெண்டர் கோரி, மேசைக்கு மேசை கோப்பு தூங்காமல் பார்த்து, கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும் அங்கிருந்து கடைசி டிஸ்பென்சரிக்கும் பெட்டியை அனுப்புவது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1994 இல் அமைத்த மருத்துவ சேவைக் கழகம் இதே பட்டியல், இதே ஜெனரிக் கொள்முதலை எடுத்து, மாவட்டம் தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. பாங்குக் கணக்கு மாதிரி, அதிலுள்ள தொகைக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். எந்த மருந்து எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று மேலிருந்து பார்க்க முடிந்தது. அந்தப் பாஸ்புக் மாதிரி ஒன்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அலமாரி கம்பனியுடையதாகவே இருக்கட்டும், மருந்து நாட்டுடையதாக இருக்கலாமே.

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது நடந்த ஒன்று எனக்கு இன்னும் நம்பிக்கை தருகிறது. கிளினிக் நோயாளிகளின் மாதாந்த மருந்தைத் தபால் திணைக்களம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆஸ்பத்திரி நோயாளியிடம் போக முடியும் என்று அந்த மாதங்கள் காட்டின. ஆனால் லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஆளின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் டிவிசனில் மருந்துப் பொட்டலம் யாருக்கு? கிளினிக்கில் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாத மருந்து கொடுத்தால், கிளினிக் நாளில் இழக்கும் பேரில் பாதி மிஞ்சும். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே மருந்தைக் கொடுத்து, டாக்டரிடம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை போகச் சொன்னால் இன்னும் மிஞ்சும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. சம்பளம் கூடக் கூட, கிளினிக்குக்குப் போவதால் இழக்கும் தொகையும் கூடுகிறது.

இன்னொரு சின்ன விஷயம், சின்னதென்று தள்ள முடியாதது. ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்துச் சின்னக் கடதாசிப் பைகளில் போட்டுக் கொடுக்கிறார்கள். பையின் மேல் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் அவசரக் கையெழுத்தில், எத்தனை வேளை என்பது பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது வெறும் கோடுகளாக. தமிழ் மட்டும் வாசிக்கும் வயதானவர் மருந்தை நிறத்தால்தான் அடையாளம் வைத்திருப்பார். காலையில் வெள்ளை நீட்டு, இரவில் சின்ன ரோஸ். ஜெனரிக் கொள்முதலில் டெண்டர் மாறினால் கம்பனி மாறும், கம்பனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். மருந்து அதேதான். ஆனால் பழைய பையில் மிஞ்சிய வெள்ளையையும் புதுப் பையில் வந்த மஞ்சளையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் குடித்தவரை எனக்குத் தெரியும். புது நிறத்தைப் பார்த்து, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று தூக்கி எறிந்தவரையும் தெரியும். ஒரு தமிழ் முத்திரை, ஒரு மை, மருந்து ஜன்னலில் தமிழ் பேசும் ஒருவர். இதற்கு டொலர் தேவையில்லை.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. நான் கண்டியில் வேலை. ஒவ்வொரு கிளினிக் நாளும் பின்னேரம் மூன்று பைகளையும் பிஸ்கட் டின்னின் மூடியில் பரப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி வட்சப்பில் படம் அனுப்புவார். பிறகு கோல் வரும்.

"தம்பி, இந்த வாட்டி பிரஷர் மாத்திர பச்சையா இருக்கே. இது அதுதானா?"

படத்தைப் பெரிதாக்கி, பையின் மேல் இருக்கும் கையெழுத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கிறேன். லொசாட்டன், ஐம்பது மில்லிகிராம்.

"அதுதாம்மா. பழைய வெள்ளை மிச்சம் இருந்தா மொதல்ல அத முடிங்க. ரெண்டையும் ஒண்ணா குடிச்சிறாதீங்க."